சுருள்பாசியில் 65 சதவீதம் புரதம் என்றால், எதில் 65 சதவீதம்?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2024

"நான் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் ஸ்பைருலினா என்ற சுருள்பாசி மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இறைச்சியைவிட மூன்று மடங்கு புரதம், தசை வளரும், கொழுப்பு எரியும் என்கிறார். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. இதை நம்பிப் பருப்பையும் பாலையும் குறைத்துக்கொள்ளலாமா?"

3 ஆகஸ்ட் 2024, இரவு

குறைக்காதீர்கள். மாத்திரை ஒன்று 500 மில்லிகிராம். நான்கு மாத்திரை 2 கிராம். அதில் அறுபது சதவீதம் புரதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 1.2 கிராம்தான் வருகிறது. ஓர் இட்லியில் அதைவிடச் சற்று அதிகமாகவே கிடைக்கும், கூடவே சட்னியும் கிடைக்கும்.

4 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியது சரியென்றாலும் பாதி பதில்தான். "இறைச்சியைவிட மூன்று மடங்கு" என்பது எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். உலர்ந்த சுருள்பாசித் தூளை, எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீராக இருக்கும் பச்சை இறைச்சியோடு ஒப்பிட்டால் அப்படித்தான் வரும். இறைச்சியையும் உலர்த்தித் தூளாக்கி எடை போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். கருவாட்டுக்கும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த ஊரில் இந்தக் கணக்கு எப்படி விலைபோகிறது என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராம் உலர் சுருள்பாசிக்கு 57.5 கிராம் புரதமும் 290 கலோரியும் போடப்பட்டிருக்கின்றன. டப்பாக்களில் 60 முதல் 70 வரை எழுதியிருக்கும். வளர்த்த முறையையும் உலர்த்திய முறையையும் பொறுத்து அவ்வளவும் வரக்கூடும். ஆகவே அந்தச் சதவீதம் பொய்யன்று. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைத்தான் டப்பா பேசுவதில்லை.

4 ஆகஸ்ட் 2024, மாலை

பாசி என்று அழைத்தாலும் இது செடியின் உறவன்று. நீலப்பச்சை நுண்ணுயிர், பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செடிகளின் செல்லைச் சுற்றி இருக்கும் செல்லுலோஸ் சுவர் இதற்கு இல்லை. அதனால் நம் குடல் இதன் புரதத்தை எளிதாக எடுத்துக்கொள்கிறது. இதே அலமாரியில் பக்கத்தில் விற்கும் குளோரெல்லா என்ற பச்சைப்பாசிக்குக் கெட்டியான சுவர் உண்டு. அதை உடைத்த பிறகே விற்க வேண்டியிருக்கிறது. நான் சுருள்பாசியை எதிர்க்கிறேன் என்று நினைத்தவர்களுக்காக இந்தக் குறிப்பு.

7 ஆகஸ்ட் 2024

"ஆப்பிரிக்காவில் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கெல்லாம் புரதம் கிடைக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஆனால் அது என் பக்கம்தான் வந்து சேர்கிறது. சாட் ஏரிப் பகுதியில் கனெம்பு மக்களின் பெண்கள் கார நீர்க்குட்டைகளின் ஓரத்தில் ஒதுங்கும் பாசியை அள்ளி, மணலில் குழி பறித்து அதில் ஊற்றிக் காயவைத்து, வில்லைகளாக வெட்டி எடுப்பார்கள். அதற்குத் திஹே என்று பெயர். அதைக் குழம்பாக்கிக் கம்பு, சோளக் களியோடு உண்பார்கள். ஒரு வேளைக்கு ஓர் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் அளவில் போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது நம் பயிற்சியாளரின் அளவைப்போல் ஐந்து ஆறு மடங்கு. அப்போதும் அது குழம்புதான், களியின் இடத்துக்கு வருவதில்லை. மெக்சிகோவில் டெஸ்கோகோ ஏரியிலிருந்து அஸ்டெக்குகள் இதையே அள்ளி அடைகளாக்கி விற்றதை 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அஸ்டெக்குகளும் அதை மக்காச்சோளத்தோடுதான் தின்றார்கள்.

11 ஆகஸ்ட் 2024

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, அதாவது "கொழுப்பு எரியும்" என்பதற்கு, இன்று வருகிறேன். இது வெறும் விளம்பரப் பேச்சு என்று எழுதிவிடத்தான் உட்கார்ந்தேன். தேடிப் பார்த்தபோது அப்படி எழுத முடியவில்லை.

2010இல் கிரேக்க நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓரளவு பயிற்சி உள்ள ஆண்கள் ஒன்பது பேர். நாளொன்றுக்கு 6 கிராம் சுருள்பாசி நான்கு வாரம், போலி மருந்து நான்கு வாரம் என்று ஒவ்வொருவரும் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். எது எப்போது என்பது எடுத்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. பிறகு தம் உச்ச ஆக்சிஜன் கொள்ளளவில் 70 முதல் 75 சதவீத வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடி, உடனே 95 சதவீதத்துக்கு ஏற்றி, விழும்வரை ஓட வேண்டும். அந்தக் கடைசி ஓட்டத்தில் போலி மருந்து எடுத்தபோது சராசரியாக 2.05 நிமிடமும், சுருள்பாசி எடுத்தபோது 2.70 நிமிடமும் தாங்கினார்கள். அதாவது 65 விநாடி கூடுதல். அந்த இரண்டு மணி நேர ஓட்டத்தில் மாவுச்சத்து எரிந்த அளவு 10.3 சதவீதம் குறைந்து, கொழுப்பு எரிந்த அளவு 10.9 சதவீதம் கூடியிருந்தது.

எரிவதை எப்படி அளக்கிறார்கள் என்று தெரியாமல் இதைப் படித்தால் தொப்பை கரைந்ததாகத் தோன்றும். ஓடுபவர் முகமூடி வழியாக மூச்சு விடுகிறார். வெளிவரும் கரியமில வாயுவின் அளவை உள்ளே எடுத்துக்கொண்ட ஆக்சிஜனின் அளவால் வகுக்கிறார்கள். முழுக்க மாவுச்சத்தே எரிந்தால் விடை 1 வரும். முழுக்கக் கொழுப்பே எரிந்தால் ஏறக்குறைய 0.7 வரும். அந்த நேரத்தில் அடுப்பில் எந்த விறகு எரிந்தது என்பதை மட்டுமே இது சொல்லும். நாள் முழுவதும் விறகு எவ்வளவு செலவானது, வீட்டுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லாது. நெடுந்தூரம் ஓடுபவனுக்கு இது பொருட்படுத்தத்தக்க செய்தி, ஏனென்றால் தசையில் சேமித்த மாவுச்சத்து தீரும் இடத்தில்தான் அவன் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுகிறான். எடை குறைக்க வருபவருக்கு இதில் ஒன்றுமில்லை.

12 ஆகஸ்ட் 2024

0.65 நிமிடம் என்பது 65 விநாடி அன்று, 39 விநாடி. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. என் தந்தை கணக்கு ஆசிரியர். அவர் இணையத்தைப் பார்ப்பதில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

18 ஆகஸ்ட் 2024

ஒரு வாரமாக ஓடும்போதெல்லாம் இதே நினைவாக இருக்கிறது. அந்தக் கிரேக்கச் சோதனையில் கொடுத்த 6 கிராமில் இருந்த புரதம் மூன்றரைக் கிராம். அரை டம்ளர் பாலில் அவ்வளவு இருக்கிறது. நான்கு வாரம் அரை டம்ளர் பால் கூடுதலாகக் குடித்து எவருடைய மூச்சுக் கணக்கும் மாறியதில்லை. ஆகவே அங்கே ஏதோ வேலை செய்திருந்தால் அது புரதமாக இருக்க முடியாது. சுருள்பாசிக்கு நீலம் தரும் ஃபைகோசயனின் என்ற நிறமியோ, இரும்புச்சத்தோ, வேறொன்றோ இருக்கலாம்.

2006இல் தைவானில் நடந்த மற்றொரு சோதனை இதற்கு ஒத்துவருகிறது. மாணவர்கள் 16 பேர், மூன்று வாரம். அங்கே ஒப்பீட்டுக்கு வைத்தது சோயாப் புரதம். சுருள்பாசி எடுத்தவர்கள் ஓடுபொறியில் களைத்துப்போகும் நேரம் நீண்டது. உடலின் கொழுப்புப் பொருள்கள் ஆக்சிஜனால் கெடுவதைக் காட்டும் ஒரு வேதிப்பொருள் இரத்தத்தில் குறைந்தது. தசை கடுமையாக உழைக்கும்போது இரத்தத்தில் சேரும் லாக்டேட்டோ கூடுதலாக இருந்தது. லாக்டேட் கூடினால் களைப்பு என்று மட்டும் படித்து வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். அதிக நேரம் ஓடியவன் அதிகம் சேர்த்துக்கொண்டான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது எலிகளைப் பாருங்கள். பிரேசிலில் ரியோ கிளாரோ நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வளரும் பருவத்து எலிகளுக்கு 60 நாள் உணவில் 17 சதவீதம் புரதம் கொடுத்தார்கள்; ஒரு கூட்டத்துக்கு அது முழுவதும் பாலின் கேசீன், மற்றொன்றுக்கு முழுவதும் சுருள்பாசி. இறுதியில் இரண்டு கூட்டமும் எடையில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சுருள்பாசி தின்ற எலிகளின் தசையில் புரதம் உருவாகும் வேகம் கூடுதலாகவே இருந்தது. ஆகவே இது உண்மையான புரத உணவுதான், அரைகுறை அன்று. ஆனால் 17 சதவீதப் புரதம் முழுவதும் சுருள்பாசியிலிருந்து வர வேண்டுமென்றால், கிலோ தீவனத்தில் கால் கிலோவுக்கு மேல் அந்தத் தூளே இருந்திருக்க வேண்டும்.

எலி அதை உணவாகத் தின்றது. மனிதர்கள் மருந்தாக விழுங்கினார்கள். எலியின் முடிவை மனிதனின் அளவோடு ஒட்டவைத்து விற்கிறார்கள். பயிற்சியாளர் சொன்ன "தசை வளரும்", "கொழுப்பு எரியும்" என்ற இரண்டும் இரண்டு வெவ்வேறு ஆய்வுலகங்களிலிருந்து பிய்த்தெடுத்தவை.

19 ஆகஸ்ட் 2024

"மருந்தாக" என்று எழுதியதற்கு இருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். சிறு அளவை நான் இழிவாகச் சொல்லவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்ரி தலைமையில், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் சுருள்பாசி கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் கண்ணின் வெள்ளைப் பகுதியில் தோன்றும் நுரை போன்ற புள்ளிகள் பெருமளவு குறைந்தன. அந்த 1 கிராமில் புரதம் என்று பேச ஒன்றுமில்லை. பீட்டா கரோட்டின் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

1 செப்டம்பர் 2024

நான் இருப்பது புதுக்கோட்டை. நம் மாவட்டத்திலேயே இதைப் பெரிய அளவில் வளர்க்கும் ஆலை உண்டு. சிறு பண்ணைகளும் உண்டு. தெரிந்தவர் ஒருவரின் சிறு பண்ணைக்கு இன்று காலை ஓட்டத்தை முடித்துக்கொண்டு போனேன்.

முழங்கால் உயரச் சிமெண்டுத் தொட்டிகள்; தண்ணீர் ஒரு சாணுக்கும் குறைவு. ஆழமாக விட்டால் வெயில் அடிவரை இறங்காது. பெரிய ஆலைகளில் துடுப்புச் சக்கரம் சுற்றும்; இங்கே ஓர் அம்மாள் நீண்ட விளக்குமாற்றால் மணிக்கொரு முறை தள்ளிக் கலக்குகிறார். தண்ணீரில் ஆப்பச் சோடாவை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். காரத்தைக் காட்டும் பி.எச். அளவு பத்தை ஒட்டி நிற்கும். அந்தக் காரத்தில் மற்றப் பாசிகளும் கிருமிகளும் எளிதில் பிழைப்பதில்லை. நச்சு உண்டாக்கும் வேறு நீலப்பச்சைப் பாசிகள் கலந்துவிடக் கூடாது என்பதே இந்தத் தொழிலின் பெரிய கவலை. ஏரியிலிருந்து நேரே அள்ளுவதைவிடத் தொட்டியில் வளர்ப்பது நல்லதென்று சொல்வதற்கு அதுவே காரணம்.

தொட்டி நீரைத் துணியில் வடிகட்டினால் கரும்பச்சையாகக் கெட்டித் தயிர் போல ஒன்று நிற்கிறது. அதைப் பிழிந்து, பிசைந்து, முறுக்கு உரலில் ஓமப்பொடி அச்சுப் போட்டுத் தட்டில் பிழிகிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, தீபாவளி நினைவு. பிழிந்த பச்சைக் கூழைக் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தேன். வாடையே இல்லை, உப்புப் போடாத வெண்ணெய் போல மழமழவென்று இருந்தது. காய்ந்த பிறகுதான் அந்தக் குளத்து வாடை ஏறுகிறது. ஐந்து பங்கு கூழ் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு பங்கு தூள்.

அந்த அம்மாள் தினமும் சாப்பிடுவாரா என்று கேட்டேன். "எனக்கு மீன் கிடைக்குதுங்க ஐயா" என்றார்.

15 செப்டம்பர் 2024

முன்பு "மனிதர்கள் மருந்தாக விழுங்கினார்கள்" என்று எழுதியதைத் திருத்த வேண்டும். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் 36 பேருக்கு ஒரே வேளையில் 25 கிராம் புரதம் தரும் அளவுக்குச் சுருள்பாசியோ, குளோரெல்லாவோ, பூஞ்சைப் புரதமோ கொடுத்து, எடைப் பயிற்சிக்குப் பின் தசைப் புரதம் உருவாகும் வேகத்தை அளந்திருக்கிறார்கள். மூன்றிலும் வேகம் கூடியது, ஏறக்குறைய ஒரே அளவில். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் இரத்தத்தில் ஏறுவதில் சுருள்பாசியே முந்தி நின்றது. நான் முன்பு சொன்ன செல் சுவர்க் கதைக்கு இது பொருந்துகிறது.

ஆகவே போதிய அளவு தின்றால் மனிதனுக்கும் தசை கட்டும். போதிய அளவு என்பது நாற்பது கிராம் தூள். அதை முயன்று பார்க்காமல் எழுதக் கூடாதென்று சனிக்கிழமை ஒரு சொம்பு மோரில் நாற்பது கிராமைக் கரைத்தேன். கரையவில்லை; கட்டி கட்டியாக மிதந்தது. மத்தால் கடைந்தபோது மிதிபட்ட குளத்தங்கரைச் சேறு போல ஆனது. பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. பல்லும் நாக்கும் மதியம்வரை பச்சையாக இருந்தன. என் மகள் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

16 செப்டம்பர் 2024

ஒருவர் கேட்டார் என்று, இதில் மெத்தியோனின் முதலிய கந்தக அமினோ அமிலங்கள் குறைவு, ஆகவே இது முழுமையற்ற புரதம் என்று தனிச்செய்தியில் பதில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முட்டையோடு ஒப்பிட்டால் குறைவுதான்: முட்டையில் ஒரு கிராம் புரதத்துக்கு ஐம்பது மில்லிகிராமுக்கு மேல், இதில் முப்பதை ஒட்டி. ஆனால் வளர்ந்த மனிதனின் தேவை இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான். லைசின் என்ற மற்றோர் அமினோ அமிலமும் தேவைக்குக் குறையவில்லை. தசை கட்டுவதற்கு வேண்டிய லூசின் என்ற அமினோ அமிலம், 25 கிராம் சுருள்பாசிப் புரதத்தில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. பாலின் வே புரதத்தில் அதைவிட அரைக் கிராம்போல் கூடுதல். தரத்தில் குறை சொல்ல எனக்கு வழியில்லை. நான் குறை சொல்வது கரண்டியை.

22 செப்டம்பர் 2024

"பி12க்காகவாவது சைவர்கள் சாப்பிடலாமே?" வேண்டாம். டப்பாவில் எழுதியிருக்கும் பி12இல் பெரும்பகுதி, உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். சில சோதனை முறைகள் இரண்டையும் பிரித்தறிவதில்லை. பி12 வேண்டுமென்றால் அதற்கான மாத்திரையே இருக்கிறது, மலிவானதும்கூட.

29 செப்டம்பர் 2024

யூரிக் அமிலம் மிகுந்து வரும் மூட்டுவாதம் உள்ள என் மைத்துனருக்கு, இதனால் அது இன்னும் ஏறாதா என்று என் மனைவி கேட்டாள். இந்த இழையைப் படிக்கும் ஒரே குடும்ப உறுப்பினர் அவள். நுண்ணுயிர் எதுவானாலும் அதில் செல்லின் மரபுப்பொருளான நியூக்ளிக் அமிலம் மிகுதி; சுருள்பாசியில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு. அது சிதைந்து யூரிக் அமிலம் ஆகிறது. ஒற்றைச்செல் உணவுகளிலிருந்து நாளொன்றுக்கு 2 கிராம் நியூக்ளிக் அமிலத்துக்கு மேல் போகக் கூடாதென்று 1970களிலேயே ஐக்கிய நாடுகளின் புரத ஆலோசனைக் குழு வரம்பு சொல்லியிருக்கிறது. 6 கிராம் தூளில் அது 0.3 கிராம், கவலையில்லை. ஆனால் 65 கிலோ மனிதனுக்கு நம் நாட்டுப் பரிந்துரையான 54 கிராம் புரதத்தையும் இதிலிருந்தே எடுப்பதென்றால் தூள் தொண்ணூறு கிராமைத் தாண்டும், நியூக்ளிக் அமிலம் 4 கிராமைத் தொடும். முழு உணவாக்கும் கனவு வாடையில் மட்டுமல்லாமல் இங்கேயும் முட்டுகிறது. மைத்துனருக்கு ஆறு கிராமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

9 நவம்பர் 2024

என் மீதே செய்துபார்த்த ஒரு சோதனையின் கணக்கு. வயது 47, எடை 64 கிலோ, வாரம் நான்கு நாள் ஓட்டம். அக்டோபர் 7 முதல் நான்கு வாரம், தினமும் 6 கிராம், சமையல் தராசில் நிறுத்து, மாலையில் எலுமிச்சைச் சாற்றோடு. முதலில் 57 நிமிடம் 20 விநாடியில் ஓடிய 10 கிலோமீட்டரை, இறுதியில் 56 நிமிடம் 35 விநாடியில் ஓடினேன்.

நாற்பத்தைந்து விநாடி! கிரேக்கர்களையும் முந்திவிட்டேன் என்று ஒரு மணி நேரம் துள்ளிக்கொண்டிருந்தேன். பிறகு நாட்குறிப்பைப் பார்த்தேன். முதல் ஓட்டத்தன்று காலையிலேயே புழுக்கம். இரண்டாவது ஓட்டத்தன்று முந்தைய இரவு மழை பெய்து காற்று குளிர்ந்திருந்தது. நடுவில் தீபாவளிக்காக மூன்று நாள் ஓய்வு. கால்களுக்கு அது சுருள்பாசியைவிட நன்மை செய்திருக்கும். என்ன எடுக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும், நாக்கே காட்டிக்கொடுத்தது. இதை ஆதாரம் என்று எவரும் எடுத்துச் செல்ல வேண்டாம்.

10 நவம்பர் 2024

"இரும்பால் இருக்கலாம்" என்கிறார் ஒருவர். 2020இல் பிரிட்டனில், ஏழு நாள் 6 கிராம் எடுத்துக் கையால் மிதிக்கும் சைக்கிளில் சோதித்தபோது, ஒரே அளவு வேலைக்கு ஆக்சிஜன் குறைவாகவே செலவானது, ஹீமோகுளோபினும் ஏறியது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் 6 கிராமில் இரும்பு 1.7 மில்லிகிராம்தான், ஆண்களுக்கு நம் நாட்டுப் பரிந்துரை 19. ஏழு நாளில் அவ்வளவு சிறிய இரும்பு ஹீமோகுளோபினை ஏற்றிவிடும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நிறமியின் மேல்தான் என் சந்தேகம் நிற்கிறது. ஓட்டத்தையும் சைக்கிளையும் கொண்டு செய்த இந்தச் சோதனைகள் எல்லாமே ஏறக்குறைய பத்துப் பதினைந்து பேரை வைத்தவை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

4 ஜனவரி 2025

முதலில் கேள்வி கேட்ட தம்பி வந்து எழுதியிருக்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டாராம், அந்தப் பணத்தில் பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் வாங்குகிறாராம். பயிற்சியாளர் இப்போது வேறொரு டப்பாவைக் காட்டுகிறாராம், அதில் 90 சதவீதம் என்று போட்டிருக்கிறதாம்.

தம்பி, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், கணக்குப் போடலாம். என்னிடம் மீந்த அறுபது கிராம் சுருள்பாசியை அடை மாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவருகிறோம். பெருங்காயத்தையும் மிளகாயையும் ஒரு பங்கு கூட்டினால் வாடை தெரியவில்லை. அடை பச்சையாக வருகிறது. முருங்கைக்கீரை அடை என்று விருந்தினர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், நாங்களும் மறுப்பதில்லை.